பயன்பாடு முடிந்த கணினிகளைச் சோதித்துப் பிரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் 'கண்டெம்' செய்யப்பட்ட கணினிகளைக் கழிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும், அவற்றை வாங்கிச் சீர்செய்து விற்கும் சிறு கடைக்காரர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டது.

எப்படியும் கழிக்கப்போகும் கணினியை எதற்காகச் சோதிக்க வேண்டும்?

கழிக்கப்படும் கணினி என்றால் கெட்டுப்போன கணினி என்று பொருளல்ல. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அறையின் மூலையில் அடுக்கப்படுகின்றன. அந்த அடுக்கை அப்படியே எடைக்குப் போட்டால், இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினியும், உதிரிபாகமாகப் பிரித்தால் பயன்படக்கூடிய கணினியும், உண்மையிலேயே கழிவாகிவிட்ட கணினியும் ஒரே விலைக்கு ஒரே வண்டியில் ஏறிவிடும். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. ஒரு பொருள் பொருளாகவே நீடிக்குமா, கழிவாகுமா என்பதைத் தீர்மானிக்கும் இடம் சோதனை மேசைதான்.

சுவிட்சைப் போட்டால் கணினி ஆன் ஆகிறது. அது போதாதா?

போதாது. ஆன் ஆகிறது என்பது மின்சாரம் உள்ளே செல்கிறது, செயலி விழித்துக்கொள்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. பழைய கணினிகளில் அடிக்கடி காணும் குறைகளான பழுதடையத் தொடங்கிய ஹார்ட் டிஸ்க், சூடேறிய பிறகே தவறு செய்யும் ராம், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும் பேட்டரி, தூசியும், செயலியின் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்துபோனதும் சேர்ந்து சூட்டில் அணைந்துவிடும் செயலி ஆகிய எவையும் முதல் ஐந்து நிமிடத்தில் வெளிப்படுவதில்லை. வாங்கிச் சென்றவர் வீட்டில் மூன்றாம் நாள் வெளிப்படும். 'ஆன் ஆகிறது' என்று மட்டும் சொல்லி விற்பதை நான் சோதிக்காமல் விற்பதாகவே கருதுகிறேன்.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதலில் தயாரிப்பு எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி எழுதப்போகும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். பிறகு கண்ணால் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை, உடைந்த பிளக், உள்ளே ஏதோ உருளும் ஓசை ஆகியவை இருந்தால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இணைப்புக் கொடுக்கக்கூடாது.

மேசைக் கணினியைத் திறந்ததும் மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்ல பழக்கம். நல்ல கெப்பாசிட்டரின் மேல்தட்டு, நடுவே கீறலோடு சமதளமாக இருக்கும். கெட்டதில் அந்தக் கீறல் மேடாக எழும்பியிருக்கும், சில வேளை பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருக்கும். 2000-களின் முற்பகுதியில் தயாரான பலகைகளில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் இந்தக் கோளாறு உலகெங்கும் பரவலாக இருந்தது.

தமிழ்நாட்டின் கரையோர ஊர்களிலிருந்து வரும் கணினிகளுக்கு இன்னொரு பார்வையும் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ தரைத்தள அலுவலகங்களில் தண்ணீர் புகுந்தது. நனைந்து காய்ந்த கணினி ஓடக்கூடும். ஆனால் யுஎஸ்பி துளைகளின் உள்விளிம்பிலும் ராம் செருகும் இடத்திலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்த அரிப்பு இருந்தால், அது நின்றுபோவது காலத்தின் கையில் இருக்கிறது. அத்தகைய கணினியை உதிரிபாகத்துக்கு ஒதுக்குவதே நேர்மை.

லேப்டாப்பின் பேட்டரி வீங்கியிருந்தால் என்ன செய்வது?

சோதனையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். டச்பேட் மேலே தள்ளப்பட்டிருப்பது, அடிமூடி சமமாக உட்காராமல் ஆடுவது, மூடினால் இடைவெளி தெரிவது ஆகியவை அடையாளங்கள். சார்ஜ் ஏற்றிப் பார்ப்பது, அழுத்துவது, குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வது ஆகிய எல்லாமே தீப்பிடிக்கும் வழிகள். உலோகக் கத்தி படாமல் மெதுவாகக் கழற்றி, முனைகளில் காப்பு டேப் ஒட்டி, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் மணல் நிரம்பிய உலோகப் பெட்டியில் தனியாக வையுங்கள். கழற்றுவதற்குக் கை பழகாதவர்கள் லேப்டாப்பை முழுதாகவே ஒதுக்கிவைத்துப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் தெரிவிக்கலாம். இந்தியாவில் பேட்டரிகளுக்கென்றே 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உள்ளன. பேட்டரிகளைக் கணினியோடு சேர்த்து எடைக்குப் போடுவது முறையல்ல.

முதலில் சோதிக்க வேண்டுமா, தரவுகளை அழிக்க வேண்டுமா?

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ள எந்தக் கணினியும், அழித்ததற்கான பதிவு இல்லாமல் சோதனை அறையைவிட்டு வெளியேறக்கூடாது. கணினி ஓடாவிட்டாலும் இது பொருந்தும். மதர்போர்டு செத்துப்போன கணினியின் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும்.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கதை போதும். அது 2016-இல் தன் இரண்டு தரவு மையங்களை மூடியபோது, தரவு அழிப்பில் அனுபவமில்லாத, சாமான் இடம்பெயர்க்கும் நிறுவனம் ஒன்றிடம் கருவிகளை ஒப்படைத்தது. அவற்றுள் சில கைமாறி, வாடிக்கையாளர் விவரங்கள் அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்துக்குப் போயின; டிஸ்க்குகளை வாங்கிய ஒருவரே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தார். அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் 6 கோடி டாலரும், பங்குச் சந்தை ஆணையம் 2022-இல் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன. அழிப்பதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு அதன் பக்கத்திலேயே வராது.

ஃபார்மட் செய்தால் தரவுகள் அழிந்துவிடாதா?

விரைவு ஃபார்மட் கோப்புகளின் முகவரிப் பட்டியலைத்தான் புதிதாக எழுதுகிறது; கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டி, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகமான நிஸ்ட் வெளியிட்ட 800-88. அதன் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், துடைத்தல், ஆய்வகக் கருவிகளாலும் மீட்க முடியாதபடி அகற்றுதல், பொருளையே அழித்தல் என்று மூன்று படிகளை வகுக்கிறது. சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கில் எல்லாப் பகுதிகளின் மேலும் ஒருமுறை முழுமையாக எழுதி, பிறகு படித்துச் சரிபார்த்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஏழுமுறை, முப்பத்தைந்துமுறை எழுத வேண்டும் என்ற பழைய நம்பிக்கையால் நேரம்தான் வீணாகிறது.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு வகை. அது தேய்மானத்தைப் பகிர்வதற்காக, பயனருக்குக் காட்டாத இடங்களையும் வைத்துக்கொண்டு எழுதுகிறது. மேலே எத்தனை முறை எழுதினாலும் அந்த இடங்கள் எட்டாமல் போகலாம். ஆகவே டிரைவுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். பல கணினிகளின் பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பட்டியலிலேயே அதற்கான வசதி இருக்கும். கட்டளை வெற்றி பெறாவிட்டால் டிரைவைப் பொடியாக்கக் கொடுங்கள். பலகையில் ஒரு துளை போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். துளை படாத சில்லில் தரவு இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துவைக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் அதைக் காட்டும். அவை தரும் 'நன்று' என்ற பச்சை விளக்கை மட்டும் நம்பாமல், எண்களைப் படியுங்கள். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள் எத்தனை என்பதைச் சொல்கிறது. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198, மீட்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருக்கும் டிஸ்க்கையே விற்பனைக்கு எடுக்கலாம் என்பது என் அளவுகோல்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 197-இல் 8 என்றிருந்த டிஸ்க்கை முழுமையாக எழுதி அழித்த பிறகு பார்த்தால், அந்த எண் பூஜ்ஜியமாகியிருக்கலாம். எழுதும்போது டிஸ்க் ஒவ்வொரு பகுதிக்கும் தீர்ப்பு வழங்கிவிடுகிறது: எழுத முடிந்தால் பகுதி பிழைத்தது, முடியாவிட்டால் மாற்றிடம் தரப்பட்டு 5-ஆம் எண்ணில் ஏறிவிடும். ஆகவே அழிப்பதற்கு முன்பும் பின்பும் எண்களைக் குறித்து ஒப்பிட வேண்டும். அழித்த பிறகு மட்டும் பார்ப்பவருக்கு, தடுமாறிக்கொண்டிருந்த டிஸ்க்கும் புத்தம்புதியதாகத் தோன்றக்கூடும். 199-ஆம் எண் ஏறியிருந்தால் மட்டும் டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம். பெரும்பாலும் அது கேபிளின் குற்றம். கேபிளை மாற்றிவிட்டு, எண் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஓடிய மணி நேரமும் பேசும். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடும் அலுவலகக் கணினி ஆண்டொன்றுக்கு 2,000 மணி நேரம் சேர்க்கும். இரவு பகலாக ஓடுவது 8,760 மணி நேரம் சேர்க்கும். ஐந்து ஆண்டு அலுவலகக் கணினி என்று சொல்லப்பட்ட டிஸ்க்கில் 40,000 மணி நேரம் இருந்தால், அது கேமராப் பதிவுக்கோ சர்வருக்கோ உழைத்திருக்கிறது. இந்தப் பதிவுகளையும் திருத்த முடியும் என்பதை நினைவில் வையுங்கள்: ஏற்கனவே ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் பதிவு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது.

என்விஎம்இ என்னும் வேகமான வகை எஸ்எஸ்டிகளில், ஆயுளில் பயன்படுத்திய விழுக்காடும் எஞ்சியுள்ள உபரிப் பகுதியும் நேரடியாகவே காட்டப்படும்.

ராமை எப்படிச் சோதிப்பது?

மெம்டெஸ்ட்86+ போன்ற மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, குறைந்தது ஒரு சுற்று முழுமையாக ஓடவிடுங்கள். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளைத் துடைத்து, வேறு துளையில் மாட்டி மறுபடி ஓட்டுங்கள். பிழை ராமோடு இடம் மாறினால் ராம் கெட்டது. துளையிலேயே தங்கிவிட்டால் மதர்போர்டு கெட்டது. பிழையுள்ள ராமை 'சும்மா ஓடும்' என்று யாருக்கும் கொடுக்கக்கூடாது. அது கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைக்கும்.

எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிப் பெட்டியைத் தனியாகச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், ஆனால் திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். கணினியோடு இணைத்து, செயலிக்கு அரைமணி நேரம் முழுச் சுமை கொடுத்து மல்டிமீட்டரால் அளப்பதே நம்பத்தக்க முறை: 12 வோல்ட் வழியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் வழியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் வழக்கம், சுமையே இல்லாத சோதனை. அதில் தேறியது என்று எழுத முடியாது. அதே அரைமணி நேரத்தில் செயலியின் சூட்டையும் பார்த்துவிடலாம். சோதனை மேசையின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லேப்டாப் பேட்டரியின் உண்மையான நிலையை எப்படி அளப்பது?

விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 48,000, இரண்டாவது 31,200 என்றால் 65 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. ஆனால் பேட்டரி தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு அது. 40 விழுக்காடு காட்டும்போதே சட்டென்று அணைந்துவிடும் பேட்டரிகளும் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு காணொளியை ஓடவிட்டு, அணையும்வரை எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை எழுதிவையுங்கள். வாங்குபவருக்கு விழுக்காட்டைவிட அந்த நேரமே பயன்படும்.

திரை, கீபோர்டு, துளைகள்?

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைக் காட்டினால் இறந்த புள்ளிகளும் கறைகளும் தெரியும். கீபோர்டின் ஒவ்வொரு விசையையும், ஒவ்வொரு யுஎஸ்பி துளையையும், கேமரா, மைக், ஒலிபெருக்கி, வைஃபை ஆகியவற்றையும் தொட்டுப் பார்த்தே குறியிட வேண்டும். லேப்டாப்பின் கீல் இறுகியிருந்தால் திரைச் சட்டம் விரைவில் விரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது. என்ன செய்வது?

பயாஸ் பாஸ்வேர்டு, ஆப்பிளின் செயலாக்கப் பூட்டு, நிறுவனம் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்துவதற்காகச் செய்த பதிவு ஆகிய மூன்றும் கணினியை அடுத்தவருக்குப் பயனற்றதாக்கும். நிறுவனப் பதிவு உள்ள கணினியில் டிஸ்க்கை அழித்தாலும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் இணையத்தில் இணைந்தவுடன் பழைய நிறுவனத்தின் பெயரோடு பூட்டு திரும்பி வரும். அதை நீக்க உரிமை உள்ளவர் பழைய உரிமையாளர் மட்டுமே; அவர் கணக்கிலிருந்து விடுவித்தால் சில நிமிட வேலை. ஆகவே கழிக்கும் அலுவலகங்களை மிகவும் கேட்டுக்கொள்வது இதுதான்: வண்டி ஏற்றும் முன் விடுவித்துவிடுங்கள். நல்ல கணினிகள் இந்த ஒரு கவனக்குறைவால் உதிரிபாகமாகிப்போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. வாங்குபவரும், விடுவிக்கப்படாத கணினி திருடப்பட்டதாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சர்வர்களிலும் பிணையக் கருவிகளிலும் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

சர்வரின் மேலாண்மைப் பதிவேட்டில் விசிறி, மின்வழங்கி, ராம் பிழைகள் தேதியோடு இருக்கும். அதை அழிப்பதற்கு முன் படித்துப் படியெடுங்கள். பெரிய சேமிப்பகப் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் சில, வழக்கமான 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் பகுதிகளாக அமைக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கணினியில் அவை கெட்டவைபோலத் தோன்றினாலும், மறுபடி 512-க்கு அமைத்தால் நன்றாக உழைக்கும். சுவிட்ச், ரவுட்டர் ஆகியவற்றின் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டுகளும் பிணைய வரைபடமும் இருப்பதால், தொழிற்சாலை நிலைக்கு மீட்டபின் மறுபடி உள்நுழைந்து பார்த்தே தேர்ச்சி எழுத வேண்டும்.

ஜெராக்ஸ் இயந்திரத்திலும் தரவு இருக்குமா?

இருக்கும். பெரிய அலுவலக இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

பழைய மானிட்டர்களைச் சோதிப்பதில் பயனுண்டா?

குழாய் மானிட்டர்களில் இல்லை. அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது; உடைக்காமல் நேராக மறுசுழற்சிக்கு அனுப்புங்கள். பழைய தட்டை மானிட்டர்களில் பின்விளக்கு எல்இடியா, பாதரசம் உள்ள மெல்லிய குழல்விளக்கா என்பதை முதலில் பாருங்கள். ஆன் செய்தவுடன் திரை இளஞ்சிவப்பாகத் தோன்றி மெதுவாக வெளுத்தால், தேய்ந்துபோன குழல்விளக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு என்ன மதிப்பு?

நல்ல மதிப்பு உண்டு. எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் பொருத்தி, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவினால், எழுத, படிக்க, இணையம் பார்க்க, பள்ளிப் பாடம் கற்கத் தாராளமாகப் போதும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுள் கீபோர்டும் திரையும் நன்றாக உள்ளவற்றை இப்படி உயிர்ப்பிக்க முடியும். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ ஏற்றி, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

இந்தியச் சட்டப்படி யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி சீர்செய்து விற்பவர்களும் மறுசுழற்சியாளர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் எப்போதாவது, விதிகளில் பட்டியலிடப்பட்ட கருவிகள் குறைந்தது ஆயிரம் வைத்திருந்த நிறுவனம் பெரும் நுகர்வோராகக் கருதப்படும். அது தன் மின்னணுக் கழிவைப் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஏலத்தில் அதிக விலை கேட்டார் என்பதற்காகக் காயலான் கடைக்குக் கொடுப்பது, ஆயிரம் கருவி இல்லாத சிறு அலுவலகத்துக்கும் நல்லதல்ல. நாட்டைவிட்டு வெளியே அனுப்புவோர், 2025 ஜனவரி 1 முதல், நாடுகளுக்கிடையே அபாயக் கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின்படி எல்லா மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்ஒப்புதல் தேவை என்பதை அறிய வேண்டும். தாம் அனுப்புவது கழிவல்ல, பயன்படும் பொருள் என்று காட்டுவதற்கும் சோதனைப் பதிவே ஆதாரம்.

சோதனை முடிவை எப்படி எழுதி ஒட்டுவது?

'நல்ல கண்டிஷன்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதற்கு ஆளுக்கொரு பொருள். எல்லாப் பகுதிகளும் சோதிக்கப்பட்டுத் தேறியது, முக்கிய வேலைகள் மட்டும் சோதிக்கப்பட்டவை, பழுது அறியப்பட்டது, சோதிக்கப்படாதது என்று நான்கே நிலைகளில் எழுதுங்கள். அதன் கீழே வரிசை எண், சோதித்த தேதி, சோதித்தவர் பெயர், டிஸ்க் ஓடிய மணி நேரம், பேட்டரி தாங்கிய நேரம், தெரிந்த குறைகள். 'இடது யுஎஸ்பி வேலை செய்யாது' என்று எழுதி ஒட்டியதால் விலை சிறிது குறையலாம். ஆனால் அந்தக் கணினி திரும்பி வராது. நேரமில்லாததால் சோதிக்காமல் விட்டதை அப்படியே எழுதுவதிலும் குறைவில்லை. தேறியது என்று எழுதுவதுதான் குற்றம்.

தேறாத மதர்போர்டுகளைத் தங்கம் பிரிப்பவர்களிடம் கொடுக்கலாமா?

திறந்தவெளியில் அமிலத்தில் ஊறவைப்பவர்களிடமும் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவர்களிடமும் கொடுக்கக்கூடாது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் டெல்லியின் சீலம்பூரிலும் இந்த வேலையைச் செய்வோர் வெறுங்கையோடு அமிலப் புகைக்கும் ஈயத்துக்கும் ஆளாகிறார்கள். எரியும் பிவிசி உறையிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு கிளம்புகிறது. தேறாத பலகைகளிலிருந்து ராம், செயலி, நாணய வடிவ லித்தியம் பேட்டரி ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு, பலகையை உடைக்காமல் முழுதாகப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, எடையும் தேதியும் குறித்த ரசீதைச் சோதனைப் பதிவேட்டிலேயே இணைத்து வையுங்கள்.